சிறு வயலும் சிறு ஆலையும்: நாளைய உணவுக்கு யார் பொறுப்பு?

உலகத்துக்கே சோறு போடுவது சிறு விவசாயிதான் என்கிறது ஒரு தரப்பு. இரண்டு ஏக்கரை வைத்துக்கொண்டு இனி பிழைக்க முடியாது, நிலங்களை ஒன்றுசேர்த்துப் பெரும் பண்ணைகளாக்கினால்தான் நாட்டின் பசி தீரும் என்கிறது இன்னொரு தரப்பு. முதல் தரப்பின் பேச்சில் உணர்ச்சி அதிகம், இரண்டாம் தரப்பின் பேச்சில் கணக்கு அதிகம். இரண்டு தரப்பும் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. வயலிலிருந்து கிளம்பும் நெல்லோ தக்காளியோ கடலையோ அடுப்புக்கு வந்து சேரும் வரைக்கும் கடக்கும் பாதைதான் அது. களம், அரவை ஆலை, செக்கு, சந்தை, மாவுக்கடை, பால் சங்கம் எல்லாம் அந்தப் பாதையில்தான் இருக்கின்றன. சிறு பண்ணைகளின் எதிர்காலத்தைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் வரப்போடு நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டை மையமாக வைத்து, வரப்பைத் தாண்டியும் இந்தக் கேள்வியைப் பார்க்க முயல்கிறது இக்கட்டுரை.

எண்கள் சொல்வது என்ன?

உலக உணவில் 80 விழுக்காடு குடும்பப் பண்ணைகளிலிருந்து வருகிறது என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2014-இல் மதிப்பிட்டது. அந்த எண் பிறகு கைமாறிக் கைமாறி, ‘சிறு விவசாயிகளே 80 விழுக்காடு உணவைத் தருகிறார்கள்’ என்று உருமாறிவிட்டது. குடும்பப் பண்ணையும் சிறு பண்ணையும் ஒன்றல்ல. அமெரிக்காவில் ஆயிரம் ஏக்கரில் மக்காச்சோளம் போடும் குடும்பமும் குடும்பப் பண்ணைக் கணக்கில்தான் வரும். 2021-இல் வெளியான விரிவான ஆய்வு ஒன்று இந்தக் குழப்பத்தைப் பிரித்துக் காட்டியது. உலகில் சுமார் 60.8 கோடிப் பண்ணைகள் இருக்கின்றன. அவற்றில் 84 விழுக்காடு 2 ஹெக்டேருக்கும் குறைவானவை. அவற்றின் கையில் இருப்பது விவசாய நிலத்தில் 12 விழுக்காடு மட்டுமே. ஆனால் உலக உணவில் ஏறக்குறைய 35 விழுக்காடு அவற்றிலிருந்து வருகிறது.

மேடையில் முழங்கும் அளவுக்கு அது பெரிய எண் இல்லை. ஆனால் எட்டில் ஒரு பங்கு நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு உணவு விளைகிறது என்றால் அதை ஒதுக்கித் தள்ளவும் முடியாது.

இந்தியாவில் நிலைமை இன்னும் தெளிவு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் 14.6 கோடிக்கும் மேற்பட்ட பண்ணைகள் உள்ளன. அவற்றில் 86 விழுக்காடு குறு, சிறு விவசாயிகளுடையவை. சராசரிப் பரப்பு 1.08 ஹெக்டேர். தமிழ்நாட்டில் அந்தச் சராசரி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. பத்துப் பண்ணைகளில் ஒன்பதுக்கு மேல் குறு, சிறு பண்ணைகள்தான். ஆகவே இங்கே ‘சிறு பண்ணை வேண்டுமா வேண்டாமா’ என்று விவாதித்துப் பயனில்லை. தலைமுறைக்குத் தலைமுறை பாகம் பிரிந்துவந்த நிலத்தில் நடக்கும் விவசாயம்தான் தமிழ்நாட்டின் விவசாயம். இதை எப்படி நிற்கவைப்பது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

விளைச்சல் வேறு, வருமானம் வேறு

சிறு நிலம் ஏக்கருக்கு அதிகம் விளைவிக்கிறது என்ற கருத்துக்கு இந்தியாவிலேயே நீண்ட வரலாறு உண்டு. 1950-களில் நடந்த பண்ணை மேலாண்மை ஆய்வுகளை அலசிய அமர்த்தியா சென், பண்ணை சிறுத்தால் ஏக்கர் விளைச்சல் கூடுகிறது என்பதை 1962-இல் எடுத்துக்காட்டினார். காரணத்தைப் புரிந்துகொள்வது கடினமில்லை. பெரிய பண்ணைக்காரர் கூலி கட்டுப்படியாகும் வரைதான் ஆள் விடுவார். சொந்த நிலத்தில் இறங்கும் குடும்பம் தன் உழைப்புக்குக் கூலி போட்டுக் கணக்குப் பார்ப்பதில்லை. களை ஒன்று கூடுதலாகப் பிடுங்கப்படும், மடை ஒருமுறை கூடுதலாகப் பார்க்கப்படும், வரப்பில் நாலு துவரைச் செடியும் நிற்கும்.

அறுபதுகளின் பிற்பகுதியில் பசுமைப் புரட்சி வந்ததும் ஆழ்துளைக் கிணறு, உரம், இயந்திரம் என்று முதல் போடக்கூடியவரின் கை ஓங்கியது. சிறு நிலத்தின் அந்த அனுகூலம் பல பகுதிகளில் தேய்ந்தது. இதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. ஏக்கருக்கு அதிகம் விளைந்தாலும் இரண்டு ஏக்கர் இரண்டு ஏக்கர்தான். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 2018-19-இல் விவசாயக் குடும்பங்களின் வருமானத்தைக் கணக்கிட்டது. இந்திய அளவில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலியாகவும் சம்பளமாகவும் வந்தது 4,063 ரூபாய். பயிரிலிருந்து வந்தது 3,798 ரூபாய். கால்நடையிலிருந்து 1,582 ரூபாய். ‘விவசாயக் குடும்பம்’ என்று நாம் அழைக்கும் குடும்பத்துக்குப் பயிரைவிடக் கூலிதான் கூடுதலாகச் சோறு போடுகிறது. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன மகனின் சம்பளத்தில் டெல்டாவில் நடவு நடக்கிறது என்பது ஊரார் அறிந்த விஷயம்தான். அதைத்தான் கணக்கெடுப்பும் சொல்கிறது.

எனவே சிறு பண்ணையின் சிக்கலை விளைச்சல் பெருக்கத்தால் மட்டும் தீர்க்க முடியாது. விளைந்த பொருளின் மதிப்பில் எவ்வளவு ஊரில் தங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

அரிசிக்குக் குறைவில்லை, ஆனாலும்…

1996-இல் ரோமில் நடந்த உலக உணவு மாநாடு உணவுப் பாதுகாப்புக்குத் தந்த விளக்கத்தை இன்றும் பல நாடுகள் பயன்படுத்துகின்றன. உணவு இருக்க வேண்டும், அது எல்லோர் கைக்கும் எட்ட வேண்டும், உடம்பில் ஒட்ட வேண்டும், எல்லாக் காலத்திலும் இவை நீடிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்த நான்கில் முதல் இரண்டைப் பொறுத்தவரை தமிழ்நாடு இந்தியாவுக்கே முன்மாதிரி. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972-இல் தொடங்கியது. அரிசி பெறும் அட்டைதாரர்களுக்கு 2011 முதல் இலவச அரிசி. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2016 நவம்பரில் ஏற்றபோதும், யாரையும் விலக்காத ரேஷன் என்ற கொள்கையை மாநிலம் கைவிடவில்லை. பஞ்சத்தில் சாவு என்பது இங்கே பழங்கதையாகிவிட்டது.

மூன்றாவதில்தான் இடறுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் கால் பங்கு, வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதே கணக்கெடுப்பில் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடை கொண்டவர்கள். வயிறு நிறைகிறது, உடம்பில் சத்து சேரவில்லை. அரிசிச் சோறு தாராளமாகவும் பருப்பு, கீரை, சிறுதானியம், முட்டை, பழம் ஆகியவை குறைவாகவும் உள்ள தட்டின் விளைவு இது.

இந்தக் குறையை நிரப்பக்கூடிய பொருள்கள் பெரும்பாலும் சிறு நிலங்களில், கலப்பாக விளைபவை. அவை ஏன் குறைந்தன என்று பார்த்தால் வரப்பைத் தாண்டிய கதை தொடங்குகிறது.

டெல்டாவின் உளுந்தையே எடுத்துக்கொள்ளலாம். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, வயலில் ஈரம் இருக்கும்போதே நிற்கும் நெல்லுக்கு நடுவே உளுந்தையும் பச்சைப்பயறையும் கையால் வீசித் தெளித்துவிடுவார்கள். நெல்லை அரிவாளால் அறுத்து எடுக்கும்போது பயறு இரண்டு இலை விட்டிருக்கும். பிறகு உழவு கிடையாது, தண்ணீர் கிடையாது. பனியிலும் மிச்ச ஈரத்திலுமே காய்த்து, பங்குனி, சித்திரையில் வீட்டுக்கு வந்துவிடும். காசு செலவில்லாத மூன்றாம் போகம் அது. அறுவடைக்கு ஆள் கிடைக்காமல் இயந்திரம் வந்தது. அதன் சக்கரமும் பெல்ட்டும் முளைத்த பயறை நசுக்கின. அது துப்பிப்போட்ட வைக்கோல் மிச்சத்தை மூடியது. பல ஊர்களில் பயறு தெளிப்பதையே விட்டுவிட்டார்கள். அறுவடைக்கு முன் தெளிப்பதா, இயந்திரம் போன பிறகு விதைப்பதா என்று வேளாண் துறை வழி தேடிக்கொண்டிருக்க, நம் இட்லி மாவுக்கு வேண்டிய உளுந்தின் ஒரு பகுதி மியான்மரிலிருந்து கப்பலில் வருகிறது. சாம்பாருக்கான துவரை மொசாம்பிக், மலாவி, தான்சானியா வரை நம்பியிருக்கிறது.

ஆலை இருந்தால் பயிர் இருக்கும்

கொல்லிமலை இதைவிடத் தெளிவான பாடம். சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு என்று மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறைகளாகப் பயிரிட்டுவந்த மலை அது. சேலம், நாமக்கல் சமவெளியில் ஜவ்வரிசி ஆலைகள் பெருகின. மரவள்ளிக்கு ரொக்கம் கிடைத்தது. லாரி மலையேறி வந்து கிழங்கை ஏற்றிச் சென்றது. சாமைக்கு அப்படி யாரும் வரவில்லை. அதோடு, சாமையின் உமியை நீக்கப் பெண்கள் உரலில் மணிக்கணக்கில் குத்த வேண்டியிருந்தது. குத்திப் புடைத்து ஒருவேளை சோறாக்குவதற்குள் கை ஓய்ந்துவிடும். ரேஷன் கடையில் தயாராக அரிசி இருக்கும்போது யார் குத்துவார்கள்? மரவள்ளி ஏறியது, சாமை இறங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்கே வேலை செய்தபோது, விதையைக் காப்பதோடு நிற்காமல் ஊருக்குள் அரவை இயந்திரம் கொண்டுவந்தது. பெண்கள் குழுக்கள் சாமை அரிசி, மாவு என்று பொட்டலம் போட்டு விற்கப் பழகின. எந்தப் பயிர் நிலைக்கும் என்பதை உமி நீக்கும் ஒரு சின்ன இயந்திரமும் அதை வாங்க ஓர் ஆளும் முடிவுசெய்கின்றன என்பதுதான் கொல்லிமலை தந்த பாடம்.

மரவள்ளியும் இதே பாடத்தைத்தான் தருகிறது. சேலம் ஜவ்வரிசி உற்பத்தியாளர்கள் தனித்தனிச் சிறு ஆலைக்காரர்களாக வியாபாரிகளிடம் அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். 1981-இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பு உருவானது. கிடங்கு, தரப் பரிசோதனை, ஏல விற்பனை ஆகியவை ஒரே இடத்துக்கு வந்தன. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கோவில்பட்டியில் கரிசல் மண்ணின் நிலக்கடலையும் தேனிப் பக்கத்து வெல்லமும் சேர்ந்து கடலைமிட்டாய் ஆகின்றன. அதற்குப் புவிசார் குறியீடு வந்தது 2020-இல். ஊர்ப்பெயரோடு விற்கும் ஒரு மிட்டாய்க்குப் பின்னால் மானாவாரிக் கடலைக்காரரும் கரும்பு ஆட்டுபவரும் வறுத்துப் பாகு காய்ச்சுபவரும் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட சிறு உணவுத் தொழில்கள் எத்தனை? தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 2015-16 சுற்று, பதிவில்லாத உணவுப் பதப்படுத்தும் தொழில்கள் நாட்டில் சுமார் 25 லட்சம் என்றது. அத்துறையின் வேலைவாய்ப்பில் 74 விழுக்காடு இவற்றில்தான். மூன்றில் இரண்டு பங்கு கிராமங்களில் இருக்கின்றன. பெரும்பாலானவை குடும்பத் தொழில்கள். அப்பளம், வடகம், ஊறுகாய், மரச்செக்கு எண்ணெய், இட்லி மாவு, கருவாடு, கருப்பட்டி எல்லாம் இதில் அடங்கும். ஒன்றிய அரசு 2020 ஜூனில் அறிவித்த குறு உணவு நிறுவனங்களுக்கான திட்டம் 10,000 கோடி ரூபாய் மதிப்பிலானது. 35 விழுக்காடு மானியம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் என்பது அதன் சலுகை. மானியம் வங்கிக் கடனோடு பிணைந்தது. கடன் வாங்கக் கணக்கு வழக்கு வேண்டும். கணக்கே எழுதாத தொழிலை முறைப்படுத்த வந்த திட்டத்துக்கு நுழைவாயிலிலேயே கணக்குப் புத்தகம் தேவைப்படுகிறது.

சட்டங்கள் சிறியவரை எப்படிப் பாதிக்கின்றன என்பதற்கு 25 கிலோ அரிசிப் பை நல்ல சாட்சி. 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டுப் பெயர் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்தது. அதுவரை பதிவுபெற்ற பிராண்டுகளுக்கு மட்டுமே இருந்த வரி இது. தமிழ்நாட்டு அரிசி ஆலைகள் உடனே 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தன. மளிகைக் கடைகளில் அந்த ஒரு கிலோ கூடுதல் மூட்டைகள் வரிசைகட்டின. மொத்தமாக 26 கிலோ வாங்க வசதியுள்ளவர் வரியிலிருந்து தப்பினார். ஐந்து கிலோ பை வாங்குகிற கூலிக்காரர் மாட்டிக்கொண்டார். உணவுப் பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு கையில் இலவச அரிசியும் இன்னொரு கையில் சிறு பைக்கு வரியும் என்பது பொருந்தாத கொள்கை.

சேர்ந்தவர் வென்ற இடங்கள், தோற்ற இடங்கள்

சிறியவர்கள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பாலைவிடப் பெரிய சான்று இல்லை. 1946-இல் இன்றைய குஜராத்தின் கைரா மாவட்டத்தில் தொடங்கிய பால் கூட்டுறவு, வர்கீஸ் குரியன் தலைமையில் 1970-இல் வெண்மைப் புரட்சியாக விரிந்தது. இன்று உலகில் மிக அதிகம் பால் கறக்கும் நாடு இந்தியா. 2023-24 உற்பத்தி 23.9 கோடி டன். ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் வீடுகள்தான் இதன் அடித்தளம். தமிழ்நாட்டில் ஆவினும் இந்த முறையில் வளர்ந்ததுதான்.

பாலில் வென்ற முறை காய்கறியில் ஏன் எடுபடவில்லை? பால் தினமும் வருகிறது, இரண்டு வேளையும் வருகிறது. கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் அளந்தால் விலை வந்துவிடும், பேரத்துக்கு இடமில்லை. மிஞ்சினால் பவுடராக்கலாம், வெண்ணெயாக்கலாம். தக்காளியில் இவை எதுவும் இல்லை. பாலக்கோட்டிலும் ஒட்டன்சத்திரத்திலும் ஒரே வாரத்தில் எல்லோருடைய தக்காளியும் சந்தைக்கு வந்துவிடும். பறிகூலிக்கும் பெட்டி வாடகைக்கும் கட்டாமல் சாலையோரம் கொட்டுவதும் நடக்கும். அதே தக்காளி 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க அரசே இறங்க வேண்டியிருந்தது. கொட்டும் காலத்தில் கூழாகவோ வற்றலாகவோ மாற்றிவைக்க அந்த ஊர்களிலேயே போதிய சிறு ஆலைகள் இருந்திருந்தால் இரண்டு முனைகளும் ஓரளவு மட்டுப்பட்டிருக்கும்.

உழவர் சந்தை இந்தச் சிக்கலின் ஒரு பகுதியைத் தீர்த்தது. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பரவியது. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிக்குக் கடை வாடகை இல்லை, தராசு இலவசம், விலை தினமும் பலகையில் எழுதப்படும். மொத்த விலையைவிட விவசாயிக்குக் கூடுதல், சில்லறை விலையைவிட வாங்குபவருக்குக் குறைவு. கால் நூற்றாண்டு கடந்தும் காலை ஆறு மணிக்குக் கூட்டம் நிற்கிறதென்றால் அது வெற்றிதான். ஆனால் அது காலை நேரத்துச் சந்தை. பத்து மணிக்கு மேல் மிஞ்சிய கீரைக்கு அங்கே வழி இல்லை. நூறு கிலோ கத்தரிக்காய் வேண்டும் என்கிற விடுதிச் சமையற்கூடத்துக்கும் அதில் இடமில்லை.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் அடுத்த நம்பிக்கை. 2020 பிப்ரவரியில் 10,000 நிறுவனங்களைத் தொடங்கும் திட்டம் 6,865 கோடி ரூபாயில் வந்தது. தமிழ்நாடு அதற்கு முன்பே, 2017-18 முதல், நூறு விவசாயிகள் கொண்ட குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி தந்து கூட்டுப்பண்ணையத் திட்டத்தை நடத்தியது. டிராக்டர், களையெடுக்கும் கருவி என்று குழுக்கள் வாங்கின. உற்பத்தியாளர் நிறுவனங்களில் பலவற்றின் பலவீனம் ஒன்றேதான். விதையும் உரமும் விற்கும் கடையாக நின்றுவிடுகின்றன. அறுவடை நேரத்தில் உறுப்பினரின் விளைச்சலை ரொக்கம் கொடுத்து வாங்க நடைமுறை மூலதனம் இல்லை. பணம் அன்றே வேண்டும் என்கிற விவசாயி பழையபடி மண்டிக்குப் போகிறார். விதைக்கும் உரத்துக்கும் கல்யாணத்துக்கும் மருத்துவத்துக்கும் முன்பணம் கொடுத்திருப்பது மண்டிக்காரர்தான் என்பதை மறந்துவிட்டு, இடைத்தரகரை ஒழிப்போம் என்று பேசுவதில் பொருளில்லை. அவர் செய்கிற கடன் வேலையை வேறு யாராவது செய்தால்தான் அவர் போவார்.

பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கறிக்கோழி வளர்ப்பு இன்னொரு வடிவம். குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை, கொட்டகையும் மின்சாரமும் உழைப்பும் விவசாயியுடையவை. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. சந்தை விலை விழுந்தால் விவசாயிக்கு நேரடி அடி இல்லை என்பது இதன் நன்மை. கொட்டகைக்கு வாங்கிய கடன் அவர் தலையில் இருக்க, கூலியை நிர்ணயிப்பது எதிர்த்தரப்பு என்பது இதன் தீமை. வளர்ப்புக் கூலியை உயர்த்தக் கோரிப் பண்ணையாளர்கள் திரும்பத் திரும்பப் போராட வேண்டியிருப்பது இதனால்தான். சந்தையோடு இணைத்துவிட்டால் போதும் என்பவர்கள், எந்த நிபந்தனையில் இணைக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

நெருக்கடி வரும்போது

உணவுப் பாதுகாப்பின் நான்காவது தூணான நிலைத்தன்மைக்கு வருவோம். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தை கொரோனாத் தொற்றின் மையமாகி மூடப்பட்டது. மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாறியது. ஒரு மாநகரத்தின் காய்கறி ஒரே வளாகத்தை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்று சென்னைக்கு அப்போது புரிந்தது. வண்டிகளில் தெருத்தெருவாக வந்த காய்கறிதான் அந்த வாரங்களில் பல வீடுகளைத் தாங்கியது.

இலங்கையின் பாடம் வேறுவகை. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதிக்கு ஒரே அடியாகத் தடை விதிக்கப்பட்டது. நவம்பரில் தடையை விலக்கினாலும் அந்தப் பெரும்போகத்தைக் காப்பாற்ற முடியவில்லை. நெல் விளைச்சல் பெரிதும் சரிந்தது, அந்நியச் செலாவணி நெருக்கடியும் சேர்ந்து 2022 செப்டம்பர் வாக்கில் உணவுப் பணவீக்கம் 90 விழுக்காட்டைத் தாண்டியது. சிறு விவசாயியைக் கேட்காமல், மாற்று ஏற்பாடு இல்லாமல் கொழும்பில் எடுத்த முடிவு அது. அங்கேயும் நெல் விளைவிப்பவர் லட்சக்கணக்கான சிறு விவசாயிகள். ஆனால் அரிசி விலை, பொலன்னறுவையைச் சுற்றியுள்ள ஒரு சில பெரும் ஆலைகளின் கையில் இருக்கிறது என்ற குற்றச்சாட்டு ஆட்சிகள் மாறியும் மாறவில்லை. சிறு வயல்கள் நிறைய இருந்தும் சிறு ஆலைகள் நசிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம்.

வானிலையும் சேர்ந்துகொண்டது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. நெல் போனால் அடுத்த போகத்தில் மீளலாம், தென்னை காய்க்க ஐந்தாறு ஆண்டுகள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. இத்தகைய காலத்தில் பல ரகங்கள் கையில் இருப்பது ஒரு காப்பு. நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2006 முதல் நடத்திய நெல் திருவிழாவில், இரண்டு கிலோ விதை வாங்கியவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். காட்டுயானமும் மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் மீண்டும் வயலுக்கு வந்ததில் அந்த ஏற்பாட்டுக்குப் பங்குண்டு. பாரம்பரிய ரகங்கள் ஊரையே ஊட்டிவிடாது; விளைச்சல் குறைவு, விலை அதிகம். ஆனால் ஆளுயரம் வளர்ந்து வெள்ளத்தில் நிற்கும் ரகம் ஊரில் இருப்பது விதை வங்கியில் இருப்பதைவிடப் பயனுள்ளது.

எதிர்த்தரப்பின் நியாயம்

சிறியது என்பதாலேயே எல்லாம் நல்லது என்று எழுதிவிட முடியாது. சிறு உணவுத் தொழிலில் சுகாதாரக் குறைகள் உண்டு. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குக் கீழ் விற்பவர் வெறும் பதிவோடு தொழில் செய்யலாம் என்று 2011 விதிகள் சலுகை தந்தன. அந்தப் பதிவைக்கூட எடுக்காத கடைகள் ஏராளம். சிறு பண்ணையிலும் சிறு ஆலையிலும் பெண்களின் உழைப்பு பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. நிலம் ஆணின் பெயரில், வேலை பெண்ணின் தோளில்.

இன்னொரு அநீதி குத்தகைதாரருக்கு. டெல்டாவில் கோயில் நிலத்தையும் வெளியூர்க்காரர் நிலத்தையும் வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவர் பலர். 2019 முதல் ஒன்றிய அரசு தரும் ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவி நில உரிமையாளருக்கே போகிறது. கொள்முதல் நிலையத்தில் நெல் போடவும் பயிர்க் காப்பீட்டுக்கும் கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்றான அடங்கல் வேண்டும். உழுதவர் ஒருவர், காகிதம் வேறொருவருடையது. ‘சிறு விவசாயி’ என்று நாம் சொல்லும்போது இவர் விடுபட்டுவிட்டால், பாதி விவசாயத்தை விட்டுவிட்டோம் என்று பொருள்.

பெரிய வாங்குபவர் யார்?

தமிழ்நாட்டில் உணவுப் பொருள் வாங்குவதில் அரசைவிடப் பெரியவர் எவரும் இல்லை. ஏறத்தாழ 2.2 கோடிக் குடும்ப அட்டைகள், சத்துணவுக் கூடங்கள், விடுதிகள், மருத்துவமனைகள், சிறைகள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். உள்ளூர்ப் பெண்களின் கையால் உள்ளூர்க் குழந்தைகளுக்கு உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும். ஆனால் விவசாயியிடமிருந்து அரசு நேரடியாக வாங்குவது பெரும்பாலும் நெல்லை மட்டுமே. 2025-26 பருவத்தில் சாதா ரகத்துக்கு ஒன்றிய அரசின் 2,369 ரூபாயோடு மாநில ஊக்கத்தொகை 131 ரூபாய் சேர்ந்து குவிண்டால் 2,500 ரூபாய். பருப்பும் பாமாயிலும் டெண்டரில் வருகின்றன. நிலக்கடலைக்கும் எள்ளுக்கும் தென்னைக்கும் பேர்போன மாநிலத்தின் ரேஷன் கடையில் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் விளைந்த எண்ணெய்.

நெல் கொள்முதலிலேயே இடறல் உண்டு. 2025 அக்டோபரில் குறுவை நெல் கொள்முதல் நிலையங்களுக்கு வெளியே குவிந்து கிடந்து மழையில் முளைத்தது. ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும்போது தார்ச்சாலையைத் தவிர வேறு களம் இல்லாத விவசாயி எப்படிக் காயவைப்பார்? தார்ப்பாய் போட்டு மூடுவதும் வெயில் கண்டதும் விரிப்பதுமாக நாட்கள் போகும். ஒவ்வோர் ஆண்டும் டெல்லிக்குக் கடிதம் எழுதித் தளர்வு கேட்பதைவிட, ஊராட்சி ஒன்றியத்துக்கு ஓரிரு உலர்த்தும் இயந்திரங்களையும் கூரையிட்ட களங்களையும் அமைப்பது மலிவு.

பிரேசில் 2009-இல் ஒரு சட்டம் போட்டது. பள்ளி உணவுக்கு ஒன்றிய நிதியம் தரும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்பப் பண்ணைகளிடமிருந்து நேரடியாக வாங்கச் செலவிட வேண்டும் என்றது அது. வழக்கமான டெண்டர் தேவையில்லை, பொது அழைப்பு போதும். நிலச்சீர்திருத்தக் குடியிருப்புகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை. உள்ளூரில் விளையும் வாழையும் மரவள்ளியும் அவரையும் பள்ளித் தட்டுக்கு வந்தன. 2014-இல் ஐ.நா.வின் பசி வரைபடத்திலிருந்து பிரேசில் வெளியேறியதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. காலை உணவுத் திட்டத்தின் ரவை, சேமியா, பருப்பு, காய்கறியில் மூன்றில் ஒரு பங்கை அந்தந்த மாவட்டத்து உழவர் நிறுவனங்களும் மகளிர் குழுக்களும் தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் போட்டால், கொல்லிமலைச் சாமைக்கும் டெல்டா உளுந்துக்கும் ஆண்டு முழுவதும் ஒரு வாடிக்கையாளர் கிடைப்பார். அந்த ஒப்பந்தத்தைக் காட்டி வங்கியில் நடைமுறை மூலதனம் வாங்கலாம். உற்பத்தியாளர் நிறுவனங்களின் நோய்க்கு இதைவிட நேரான மருந்து இல்லை.

கூடவே செய்ய வேண்டியவை சில. நிலமில்லாக் குத்தகைதாரருக்கு உழவர் அடையாளம் தர வேண்டும். சிறு பொட்டல உணவுக்கு வரியை நீக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு அலுவலர் சிறு கடைக்கு முதலில் பயிற்சியாளராகவும் பிறகே தண்டிப்பவராகவும் போக வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பெரும் பணம் தேவையில்லை. வேளாண் துறை, தொழில் துறை, உணவுத் துறை, பள்ளிக் கல்வித் துறை ஆகியவை ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும். சிறு விவசாயி ஒரு துறையிடமும் சிறு ஆலைக்காரர் இன்னொரு துறையிடமும் மனு கொடுத்துக்கொண்டிருக்கும் வரை இருவரும் தனித்தனியாகத் தோற்பார்கள்.

ஊர் ஆலை மூடினால் ஊர்ப் பயிரும் போகும், ஊர்ப் பயிர் போனால் தட்டில் அரிசி மட்டுமே மிஞ்சும். அரிசியை மட்டும் தின்று வளரும் தலைமுறைக்கு ரத்தசோகையைத் தவிர வேறு சொத்து இருக்காது. அடுத்த வேளாண் நிதிநிலை அறிக்கை வரும்போது, எத்தனை லட்சம் டன் விளைந்தது என்பதோடு அதில் எவ்வளவு பள்ளித் தட்டுக்கு நேராகப் போனது என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அரசிடம் பதில் இருக்கும் நாளில்தான் சிறு பண்ணைக்கு எதிர்காலம் இருக்கிறது என்று நம்பலாம்.